துடக்கோடு போன அறுவடை

மூன்று வருடமாக என்னோடு கதைக்காத தங்கை, ஜூலை மாதக் கடைசியில் ஒருநாள் போன் எடுத்து, "அக்கா, வாற சனிக்கிழமை எங்கட அறுவடை. வாறியோ?" என்று கேட்டாள். நான் அப்போது வேலையில் நின்றேன். பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறை. ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். மூன்று வருடம் பேசாத ஒருத்தி பேசினால், சுகமாக இருக்கிறாயா, சாப்பிட்டாயா என்றுதான் ஆரும் கேட்பார்கள். நான் கேட்டது, "என்ன அறுவடை? நீ எங்கை வயல் வைச்சிருக்கிறாய்?" என் வாய் அப்படி. அதற்கு மருந்தில்லை.

"வயல் இல்லை அக்கா. செடியள். மருந்துச் செடி, வாசனைச் செடி. நான் இப்ப விக்கா."

"விக்கா எண்டா?"

"சமயம்."

சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். நிலத்தையும் நிலவையும் பருவங்களையும் கும்பிடுகிற ஆட்களாம். வருடத்துக்கு எட்டுப் பெருநாள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வருவது முதல் அறுவடை. அன்றைக்குப் புதுத் தானியத்தில் பாண் சுட்டு, செடிகளை வெட்டிக் கட்டி, குளிர்காலத்துக்கென்று காயவைப்பார்களாம். தங்களைச் சூனியக்காரர் என்றும் சொல்லிக்கொள்வார்களாம். "ஆனா நீ நினைக்கிற சூனியம் இல்லை" என்றாள். நான் இன்னும் ஒன்றும் நினைக்கத் தொடங்கவில்லை. தலைக்குள் ஒரே புகை.

"அப்ப முருகனை விட்டுட்டியோ?"

"நான் ஒருத்தரையும் விடேல்லை அக்கா. விட்டது மற்ற ஆக்கள்."

அந்தக் குத்து எனக்கு. நான் சூப்பைக் கிண்டினேன். பிறகு அவளே சொன்னாள். அவர்களுடைய குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். முதல் அறுவடைக்கு ஒவ்வொருவரும் தங்களுடைய ஆள் ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவரவர் பாத்தியில் முதல் வெட்டு அந்த ஆளின் கையால்தான் விழ வேண்டும். "போன ரெண்டு வருசமும் எனக்கெண்டு ஒருத்தரும் வரேல்லை. நான் தனியத்தான் வெட்டினனான். இந்த முறையும் நீ வராட்டி நான் இனிக் கேக்க மாட்டன்."

அவள் சொன்னது தோட்டத்தை மட்டும் பற்றியல்ல என்று விளங்குகிற அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கிறது. "வாறன்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. எனக்குத் துடக்கு.

ஊரில் என் கணவரின் பெரியப்பா செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. சாவு விழுந்தால் உரித்துக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போவதில்லை, வீட்டில் விளக்கேற்றுவதில்லை, சாமிக்கென்று பூவோ இலையோ தொடுவதில்லை. செத்தவரை நான் வாழ்நாளில் இரண்டு முறைதான் கண்டிருக்கிறேன். ஆனால் கல்யாணம் கட்டினால் புருசன் வீட்டுத் துடக்கு எங்களுக்கும் வந்துவிடும். தங்கைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்பே அவள் விவாகரத்து எடுத்துவிட்டாள்.

அந்த விவாகரத்தால்தான் எங்களுக்குள் எல்லாம் முறிந்தது. மூன்று வருடத்துக்கு முன் என் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீடு செய்தோம். மார்க்கம் பக்கத்தில் பெரிய ஹோல், முந்நூறு சனம். பெண்கள் சோடி சோடியாக வந்து தட்டெடுத்து ஆலாத்தி காட்டும் வேளை வந்தது. மாமியார் என் காதுக்குள், "வாழாவெட்டி தட்டுத் தூக்கக்கூடாது, பிள்ளைக்குக் கூடாது" என்றார். நான் போய், பட்டுச்சேலை கட்டிப் பூவும் வைத்து நின்ற என் தங்கையிடம், "நீ தட்டைத் தொடவேண்டாம், சனம் கதைக்கும்" என்று சொன்னேன். அந்தத் தட்டுகளில் இருந்தது கப்கேக்கும் சொக்கிலேட்டும். அதைத் தொடக்கூடாது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

மாமியாரில் பழியைப் போடலாம். மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சொன்ன வாய் என்னுடையது.

இப்போது இந்தத் துடக்கை என்ன செய்வது? சூனியக்காரர் தோட்டத்துக்குத் துடக்கு உண்டா? அவர்கள் கும்பிடுவது எங்களுடைய சாமியை அல்லவே. அப்படியென்றால் போகலாம். ஆனால் நிலமும் நிலவும் எல்லாருக்கும் ஒன்றுதானே. அப்படியென்றால் போகக்கூடாது. கோயில் ஐயரிடம் கேட்கலாமென்றால் எந்த வாயால் கேட்பது? கடைசியில் கணவரிடம் கேட்டேன். அவர் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல், "கண்ணூறு எண்டு உப்பும் செத்தல் மிளகாயும் சுத்தி அடுப்பில போடுற ஆள் நீ. நீ போய் அவளவையைச் சூனியம் எண்டுறாய். போட்டு வா" என்றார்.

"துடக்கெல்லோ?"

"அப்ப போகாதை."

இப்படி ஒரு மனிதனோடு இருபத்திரண்டு வருடம்.

போவது, ஆனால் ஒன்றையும் தொடாமல் நிற்பது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். துடக்கு வீட்டுச் சாப்பாட்டை மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதால் ஒன்றும் சமைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் தமிழ்க் கடையில் வீட்டுக்கு வேண்டிய கொத்தமல்லி, கறிவேப்பிலை எல்லாம் கிளறிப் பொறுக்கி வாங்கிக்கொண்டு, தோட்டத்துக்கென்று மரக்கறி ரோல்ஸும் ஒரு கட்டுத் தண்ணீர்ப் போத்தலும் வாங்கினேன்.

தோட்டம் ஸ்காபரோவில், பெரிய மின்கம்பங்கள் வரிசையாகப் போகும் புல்வெளியில் இருந்தது. நகரம் ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிற பாத்திகள். எங்களுடைய சனம் பயிற்றங்காயும் கத்தரியும் பாவற்காயும் போட்டிருந்தது. தலையில் தொப்பி போட்ட ஒரு அங்கிள் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டு நின்று என்னைக் கண்டு தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எந்தப் பாத்திக்குப் போகிறேன் என்று அவர் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டேதான் நின்றார்.

கறுப்பு உடுப்பும் கூர்த் தொப்பியும் எதிர்பார்த்துப் போனேன். அங்கே நின்றது குழுவும் அவர்கள் கூட்டிவந்த ஆட்களுமாக ஒன்பது பேர், சப்பாத்தில் மண்ணோடு. தலைமை தாங்கியவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. முப்பது வருடம் வீடு வீடாகத் தபால் போட்டு ஓய்வு பெற்றவராம், இரண்டு முழங்காலும் மாற்றியிருக்கிறதாம். கை கொடுத்த உடனேயே இதெல்லாம் சொல்லிவிட்டார். நான் போத்தல் கட்டைக் காரிலிருந்து தூக்கிக்கொண்டு வர, தங்கை பாத்தியிலிருந்து எழும்பினாள். மெலிந்திருந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். "வந்திட்டாய்" என்றாள். "ஓம்" என்றேன். அணைப்பதா விடுவதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போத்தல் கட்டு நடுவில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ரோஸ்மேரி நினைவுக்கு. தைம் துணிவுக்கு. லாவண்டர் நித்திரைக்கு. வெள்ளைப் பூவோடு நின்ற ஒன்று, ஆங்கிலத்தில் 'யாரோ' என்று அதற்குப் பெயராம், காயத்துக்கு. கொஞ்சத்தைத் தேநீருக்குக் காயவைப்பார்கள், கொஞ்சத்தை எண்ணெயில் ஊறப்போடுவார்கள், கொஞ்சத்தைச் சின்னப் பைகளில் தைத்துக் கதவில் தொங்கவிடுவார்கள். "ரோஸ்மேரியை நான் கோழிக்குப் போடுறனான்" என்றேன். "போடு. கோழிக்கும் நினைவு வரட்டும்" என்றாள். மூன்று வருடத்துக்குப் பிறகு எங்கள் முதல் பகிடி அது.

பாத்தியின் நடுவில் துளசி நின்றது. இடுப்பளவு உயரம். நாலு செடி. மார்ச் மாதமே விதை போட்டு யன்னலோரம் முளைக்க வைத்து, குளிர் போன பிறகு நட்டதாம். இந்த ஊரில் துளசி அப்படி நின்று நான் கண்டதில்லை.

பனி காய்ந்து, வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும் என்பது அவர்களுடைய முறை. முதலில் ஓர் இரும்புச் சட்டியில் போன வருடத்துக் காய்ந்த கட்டுகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் புகை சாம்பிராணி மாதிரி மணக்கவில்லை. ஆனால் சாம்பிராணிப் புகை வந்தால் செய்வதைத்தான் என் கை செய்யப் போயிற்று. பாதியில் நிறுத்தினேன். வெள்ளைக்கார அம்மா நிலத்துக்கு நன்றி சொல்லி ஏதோ படித்தார். பிறகு ஒவ்வொருவரும் தங்களுடைய செடிக்குப் பக்கத்தில் குந்தி, வெட்டலாமா என்று அதனிடம் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. வெட்டிய பிறகு அடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"செடி வேண்டாம் எண்டு சொன்னா எப்பிடித் தெரியும்?" என்று தங்கையிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தெரியும்."

எனக்கு மனிதர் வேண்டாம் என்று சொல்வதே விளங்குவதில்லை.

அவள் துளசிக்கு முன்னால் குந்தினாள். உதடு அசைந்தது. பிறகு எழும்பி, வெள்ளைக் கைபிடி போட்ட ஒரு வளைந்த கத்தியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். மற்ற எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, முதல் வெட்டு நீ."

நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். கைகள் இரண்டும் தானாக முதுகுக்குப் பின்னால் போயின. துடக்கோடு துளசியைத் தொட்டால் செடி பட்டுப்போகும் என்பார்கள். மார்ச் மாதத்திலிருந்து அவள் வளர்த்தது. என் கை பட்டு அது கருகினால்? அதுதான் என் மனதில் இருந்தது. கடவுள் சாட்சி, அதுதான் இருந்தது. ஆனால் துடக்கு என்று வாயைத் திறந்தால், தட்டுத் தொடாதே என்று சொன்ன அதே மாமியார் வீட்டுச் சட்டத்தை இவளுடைய தோட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்தவளாகிவிடுவேன். அந்தச் சொல்லை அவளுக்கு முன்னால் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அதனால் பொய் சொன்னேன்.

"எனக்குக் கை நோகுது. நீயே வெட்டு."

அவள் போத்தல் கட்டைப் பார்த்தாள். இருபத்துநாலு போத்தல். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்டைக்கு என்னைத் தட்டைத் தொடவேண்டாம் எண்டாய்," என்றாள், சத்தம் உயர்த்தாமல். "இண்டைக்கு என்ரையைத் தொடமாட்டன் எண்டுறாய்." திரும்பிக் குந்தித் தானே வெட்டினாள். சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இதை விளங்கிக்கொள்ளத் தமிழ் தேவையில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் செடிகளுக்குத் திரும்பினார்கள்.

நான் போய் ஓரத்தில் கிடந்த மர வாங்கில் இருந்தேன். ஆரோ ஒரு கோப்பை எலுமிச்சை மணக்கும் இலைத்தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். காருக்குப் போய்விடலாம் என்று இரண்டு முறை எழும்பினேன். எழும்பினால் இனி அவள் கேட்கமாட்டாள். இருந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்போது காரில் கிடக்கும் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் நினைவுக்கு வந்தன. காலையில் அதைக் கிளறிப் பொறுக்கியபோது துடக்கு என்ற எண்ணமே வரவில்லையே. கடை இலைக்குத் துடக்கில்லை. சமையலறை இலைக்குத் துடக்கில்லை. இது வெறும் பேய்க்கூத்து என்று நான் உண்மையாகவே நினைத்திருந்தால் இந்த இலைக்கும் இருந்திருக்கக்கூடாது. பிறகு ஏன் என் கை பின்னால் போனது? துளசி என்பதாலா, அந்தப் புகையாலா, அவள் குந்தியிருந்து அதனோடு கதைத்த விதத்தாலா? எனக்கு என்னையே விளங்கவில்லை. அதை அவளிடம் சொல்லத்தான் வேண்டும் என்பது மட்டும் விளங்கியது.

அவள் சிவப்பு நூலால் துளசிக் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் தள்ளி நின்றேன்.

"எனக்குக் கை நோகேல்லை. துடக்கு. இவரின்ரை பெரியப்பா செத்துப்போனார்."

நூல் நின்றது. "ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ என்ன நினைப்பாய்?"

"உதுக்கும் உன்ர துடக்குக்கும் என்ன அக்கா?"

"தெரியாது. கோயிலிலை தொடக்கூடாது. அப்ப இஞ்சையும் தொடக்கூடாது எண்டு நினைச்சிட்டன். செடி பட்டுப்போனா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இதைக் கோயில் எண்டு நினைச்சனியோ?"

"தெரியாது எண்டுறன். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. என்னைப் போட்டுக் குழப்பாதை."

அவள் சிரிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் சிரிக்கவில்லை. கட்டை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உன்ர துடக்கு முப்பத்தொரு நாளிலை போயிடும். என்ரை எப்ப அக்கா போகும்?"

நிறைய வாய் உள்ளவள் நான். சமையலறையில் என் வாய்க்குப் பயந்து மனேஜரே சுற்றிப் போவார். அந்த வாயாலேயே, "உனக்கு ஒரு துடக்கும் இருக்கேல்லை. நான்தான் பிழை. மாமி சொன்னவ, ஆனா நான்தான் செய்தனான்" என்றேன். சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். "கத்தியைத் தா. வெட்டுறன். பட்டா படட்டும்."

ஒரு செடி இன்னும் கை படாமல் நின்றது. நான் உண்மையாகவே வெட்டியிருப்பேன். அவள் கத்தியை எடுத்தாள். எனக்குத் தரப்போகிறாள் என்று நினைத்தேன். துணியால் துடைத்துக் கூடைக்குள் வைத்தாள்.

"வேண்டாம் அக்கா. உனக்குத் துடக்கு. நீ தொடவேண்டாம்."

என்னுடைய நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்தாளா, மூன்று வருடத்துக் கணக்கைத் தீர்த்தாளா? குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. இன்றுவரைக்கும் முடியவில்லை.

பிறகு எல்லாரும் கட்டுகளைத் தூக்கி, கொட்டிலுக்குள் கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடத் தொடங்கினார்கள். ஒருவர் நூல் பிடித்தார், ஒருவர் ஏணி பிடித்தார், வெள்ளைக்கார அம்மா பாணைத் துண்டு போட்டார். எல்லாருடைய கையிலும் ஏதோ இருந்தது. நான் ஓரமாக நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு இளம் பெண் ஒரு கட்டை என்னிடம் நீட்டி, தொங்கவிட விருப்பமா என்று கேட்டாள். தங்கை ஆங்கிலத்தில், "இவ இண்டைக்குத் தொடமாட்டா" என்று சொன்னாள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகிப் போனாள். எல்லாரும் என்னை அன்பாகப் பார்த்தார்கள். அந்த அன்பு தாங்க முடியாததாக இருந்தது.

அப்போதுதான் சாமத்திய வீடு நடந்த ஹோல் நினைவுக்கு வந்தது. படம் எடுக்க வந்தவர் பெண்களை வரிசையில் நிறுத்திக்கொண்டு, பின்சுவரோடு நின்ற என் தங்கையைப் பார்த்து, "அன்ரி, நீங்களும் ஒரு தட்டை எடுங்கோ" என்று கூப்பிட்டார். நான்தான் மறுபக்கத்திலிருந்து, "அவ இல்லை, அவ இல்லை" என்று கையைக் காட்டினேன். இவள் அந்தச் சுவரோடு மூன்று மணித்தியாலம் நின்றாள். வந்த சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் இங்கே நின்றது அரை மணித்தியாலம்கூட இல்லை, அதற்குள் அழுகை வந்துவிட்டது.

கொட்டில் வாசலில் அவள் கை கழுவிக்கொண்டு நிற்க, நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். "அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னாப் பிறகு நீ ஏன் வீட்டை போகேல்லை? நானெண்டா அந்த நிமிசமே போயிருப்பன்."

அவள் குழாயைப் பூட்டினாள்.

"பிள்ளைக்குத் தலை அலங்காரம் செய்தது நானெல்லோ. எத்தனை ஊசி குத்தியிருந்தது. நீ சனத்தை அனுப்பிக்கொண்டு நிண்டாய். நான் போயிருந்தா அவளுக்கு ஆர் கழட்டிறது?"

மகளின் தலையிலிருந்து அந்த ஊசிகளை யார் கழற்றினார்கள் என்று இந்த மூன்று வருடத்தில் நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.